எட்டு மணிக்குப் படுக்கிறவள்

அடுப்புமேடையைத் துடைத்தாகிவிட்டது. ஈரம் நிற்கிறது என்று காய்ந்த துணியை எடுத்து இன்னொரு தரம் துடைத்தாள் குருவம்மாள். மணி எட்டைத் தாண்டிப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. எட்டு மணிக்கெல்லாம் கட்டையைச் சாய்த்துவிட வேண்டும் என்று சாயங்காலம் வாசல் தெளிக்கும்போதே நினைத்திருந்தாள். நேற்றும் அப்படித்தான் நினைத்தாள், முந்தாநாளும் அப்படித்தான். எட்டு தவறிவிட்டது. தவறின பிறகு எட்டு பத்துக்குப் போய்ப் படுப்பது அரைகுறையாக இருக்கும். எட்டேகால் என்றால் ஒரு ஒழுங்கு. எட்டேகாலுக்குள் உளுந்து டப்பாவின் மூடியை அமுக்கி வைக்கலாம், சிலிண்டரைத் தொட்டுப் பார்க்கலாம், ஜன்னல் கம்பியில் காய்கிற கரித்துணியை மடிக்கலாம். காலையில் மடித்தால் ஆகாதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்குப் பதில் வைத்திருந்தாள்: காலை என்று ஒன்று எனக்கு எங்கே இருக்கிறது? ஊருக்கெல்லாம் விடிவது ஆறு மணிக்கு என்றால் அவளுக்கு விடிவது இரண்டரைக்கு. மூன்று மணிக்கு மில் வேன் டிரான்ஸ்பார்மர் முக்கில் வந்து நின்று இரண்டு தரம் ஹாரன் அடிக்கும். மூன்றாவது தரம் அடிக்கிற வழக்கம் அந்த டிரைவருக்குக் கிடையாது. ஆறு மணி ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகள் ஐந்தரைக்குத் தட்டோடு கேண்டீன் வாசலில் வரிசை கட்டிவிடும். அதற்குள் இட்லி, சாம்பார், சட்னி. எட்டு மாதமாக இந்தக் கேண்டீன் சமையல் பாடு. எட்டு மாதத்தில் எட்டு மணிக்குப் படுத்த நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். எட்டேகால் ஆகிவிட்டதா, அதற்குள்ளா? போன வாரம் அதற்குச் செல் மாற்றியது அவர்தான். மாற்றுகிற சாக்கில் ஐந்து நிமிஷம் முன்னால் தள்ளி வைத்திருப்பார். செய்யக்கூடியவர்தான். அவளைச் சீக்கிரம் உள்ளே அனுப்புவதில் அவருக்கு என்ன அவசரமோ.

அவர் என்றால் சோலைராஜ், அவள் புருஷன், விசைத்தறி ஓட்டுகிறவர். ஹாலில் சுவரோரமாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார், காது மடலில் இன்னும் பஞ்சு ஒட்டியிருந்தது. பக்கத்தில் மகள் இந்துஜா, காலேஜில் கடைசி வருஷம், மடியில் நோட்டு, நோட்டின் மேல் செல்போன் குப்புற. குப்புற வைப்பானேன்? நேரே வைத்தால் தேய்ந்துவிடுமா? டிவியில் எட்டு மணி நாடகம் ஓடிக்கொண்டிருந்தது, இன்றைக்கு அது ஒன்றரை மணி நேரம். “எம்மா, நேரமாச்சு, போய்ப் படு,” என்றாள் இந்துஜா. இது இரண்டாவது தடவை. முதல் தடவை சொன்னது பாசம் என்றே வைத்துக்கொள்ளலாம், இரண்டாவது தடவை எதற்கு? “ஏ புள்ள, இன்னுமா அங்க உருட்டிக்கிட்டு இருக்க? பூனையே படுத்திருச்சு,” என்றார் சோலைராஜ். “பூனைக்கு மூணு மணிக்கு வேன் வருதாக்கும்?” “வந்தா அது நேரத்தோட படுக்கும்.” இரண்டு பேரும் சிரித்தார்கள். சேர்ந்து சிரிக்கிறார்கள், அதையும் பார்த்துக்கொண்டாள். தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குள் போனாள். கதவு கிடையாது, பூப்போட்ட திரைச்சீலைதான். பாயை உதறி விரித்து, விரித்ததில் ஒரு சுருக்கு இருந்ததால் மறுபடி உதறி விரித்து, உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்து, செம்பில் இரண்டு மடக்குக் குடித்து, தலையைச் சாய்த்தாள். சாய்த்த அடுத்த நிமிஷம் டிவிச் சத்தம் நின்றது. குறைந்தது என்றால்கூடப் பரவாயில்லை, சுத்தமாக நின்றது. இது இன்றைக்குப் புதிது இல்லை. எட்டு மாதமாக, அவள் தலை தலையணையில் பட்டதும் யாரோ கயிற்றைப் பிடித்து இழுத்த மாதிரி அந்த வீட்டில் சத்தம் நின்றுபோகிறது. ஆனால் வெளிச்சம் மட்டும் திரைச்சீலையின் மேல் நீலமும் வெள்ளையுமாக ஆடிக்கொண்டே இருக்கும். படம் ஓடுகிறது, சத்தம் இல்லை. சத்தமில்லாமல் யாராவது நாடகம் பார்ப்பார்களா? பார்க்க மாட்டார்கள். அப்படியென்றால் நாடகம் ஒரு சாக்கு. அவள் எப்போது படுப்பாள் என்று காத்திருக்கிறார்கள், படுத்ததும் வேறு ஏதோ நடக்கிறது.

ஒருக்களித்துப் படுத்தால் திரைச்சீலைக்கும் நிலைக்கும் நடுவில் ஒரு விரல்கடை இடைவெளி தெரியும். அதில்தான் கண்ணை வைத்திருந்தாள். சோலைராஜின் கை தெரிந்தது. அந்தக் கை மேலே போயிற்று, இரண்டு விரல் சேர்ந்து எதையோ கத்தரித்தது, பிறகு உள்ளங்கை கவிழ்ந்தது. இந்துஜாவின் கை பதிலுக்கு எழுந்து நெஞ்சைத் தொட்டுவிட்டு அப்படியே உள்ளறைப் பக்கம் நீண்டது. அவளைத்தான் காட்டுகிறது. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. இது தறிக்கூடத்துப் பேச்சு. இருபது தறி ஒரே கூரைக்குக் கீழே ஓடும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்துத் தறிக்காரனுக்குக் கேட்காது. அதனால் அங்கே வாயசைப்பிலும் கையசைப்பிலுமே எல்லாம் பேசிக்கொள்வார்கள். நூல் அறுந்தது, முதலாளி வருகிறார், டீ வந்துவிட்டது, இன்னாருக்கு ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது, எல்லாமே கையில். இந்துஜா சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய்க் கொண்டுபோய் அதைக் கற்றுக்கொண்டுவிட்டாள். குருவம்மாளுக்கு அது வராது. அவள் இந்த ஊர்க்காரி இல்லை, சாத்தூர்ப் பக்கம், தறிக்கூடத்து வாசலோடு திரும்பி வருகிறவள். இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியும் புருஷனுடைய அந்தப் பேச்சில் அவளுக்குத் தெரிந்தது ‘சாப்பாடு’ ஒன்றுதான். வீட்டில் வாயைத் திறந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும் அவர் குரல். தறிக்காரருக்கு மெதுவாகப் பேச வராது. ரகசியம் என்று சொல்லிக்கொண்டே தெருவுக்கே சொல்லுகிற ஆள். அந்த மனுஷன் இப்போது பேச்சை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கையால் பேசுகிறார் என்றால் அது எவ்வளவு பெரிய விஷயமாக இருக்க வேண்டும்? என்னத்தைக் கத்தரித்தார்? எதைக் கவிழ்த்தார்? எழுந்து போய்க் கேட்டுவிடலாம். கேட்டால், ‘ஒண்ணுமில்லம்மா, நீ தூங்கு’ என்பாள் மகள். ஒன்றுமில்லை என்று அத்தனை வேகமாகச் சொல்கிற இடத்தில் நிச்சயம் ஏதோ இருக்கிறது.

தூங்க வேண்டும். தூங்கித்தான் ஆக வேண்டும், விளையாட்டு இல்லை. நாளைக்குத் தவமணி வேலைக்குத் திரும்புகிறாள். தவமணியும் அவளும்தான் சாம்பார் அண்டாவுக்கு ஜோடி. சமையல்கட்டிலிருந்து பரிமாறுகிற கூடத்துக்கு அண்டாவை இரண்டு பேராகத்தான் தூக்கிப் போக வேண்டும், காதுக்கு ஒருத்தி, கையில் ஈரச்சாக்கு. வாசல் குறுகல், பக்கவாட்டில் போக முடியாது. அதனால் ஒருத்தி பின்பக்கமாகவே நடப்பாள், தவமணி. அவள் முகம் குருவம்மாளைப் பார்த்திருக்கும், முதுகு வழியைப் பார்த்திருக்கும். நேரே நடக்கிற குருவம்மாள்தான் அவளுக்குக் கண். ‘வாசல்’ என்பாள், ‘படி’ என்பாள், ‘இன்னொரு படி’ என்பாள், ‘பிள்ளைக நிக்கு, இடதுல ஒதுங்கு’ என்பாள். எட்டு மாதமாக அந்தச் சொல்லை நம்பித்தான் தவமணி கொதிக்கிற சாம்பாரைப் பிடித்துக்கொண்டு பின்னால் காலை எடுத்து வைத்தாள். திங்கட்கிழமை குருவம்மாள் ‘வாசல்’ என்றாள். ‘படி’ என்று சொல்லவில்லை. கண் திறந்துதான் இருந்தது. படியும் கண்ணில் பட்டது என்றுதான் நினைக்கிறாள், பட்டது, ஆனால் எங்கேயோ ரொம்ப தூரத்தில், வேறு யாருடைய படியோ போலப் பட்டது. நடந்துகொண்டே தூங்கியிருக்கிறாள். தவமணியின் கால் வெறும் காற்றில் இறங்கியது, அண்டா சாய்ந்தது, சாம்பார் அலையடித்து அவள் வலது கணுக்காலில் விழுந்தது. அந்தச் சத்தம். அதை நினைக்கக் கூடாது. அண்டாவை அப்போதும் தவமணி விடவில்லை. விட்டிருந்தால் படியோரம் தட்டோடு நின்றதே ஒரு பிள்ளை, புதிதாக வந்தது, ஒல்லியாக, தூக்கக் கலக்கத்தில் சுவரில் சாய்ந்துகொண்டு, அதன் மேலேயே அத்தனையும் கொட்டியிருக்கும். சூப்பர்வைசர் ஓடிவந்து, “எப்படி ஆச்சு?” என்று கேட்டபோது குருவம்மாள் வாயைத் திறப்பதற்குள், “செருப்பு வழுக்கிருச்சு சார்,” என்றாள் தவமணி. ஏன் அப்படிச் சொன்னாள்? வலி தாங்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறவளுக்குப் பொய் சொல்லத் தெம்பு எங்கிருந்து வந்தது? நல்ல மனசு என்று நினைக்க ஆசைதான். ஆனால் சும்மா ஒருத்தி இன்னொருத்தியைக் காப்பாற்றுவாளா? முடிந்து வைத்திருக்கிறாள், என்றைக்காவது ஒரு நாள் முடிச்சை அவிழ்ப்பாள். அவளுடைய நாத்தனார் ஒருத்தி வேலை தேடிக்கொண்டிருப்பதாக வேனில் பேச்சு வந்ததே. நாளைக்கு அவள் மறுபடியும் முதுகைக் காட்டிக்கொண்டு நடப்பாள். நாளைக்கும் தூங்கிவிட்டால்? கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறவள் தான் தூங்குவதை எப்படிக் கண்டுபிடிப்பாள்? தூங்க வேண்டும், தூங்க வேண்டும் என்று சொல்லச் சொல்ல இமை இன்னும் அகலமாகத் திறந்துகொண்டது.

தூங்குகிறவளுக்கு என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில் ஒரு தடவை சீக்கிரம் தூங்கியிருக்கிறாள். ஏழாம் வகுப்பு, மறுநாள் பூகோளப் பரீட்சை, படித்தது மறக்கும் முன்னால் படுத்துவிட வேண்டும் என்று விளக்கு வைத்த கையோடு படுத்தாள். அவள் தூங்கின பிறகு அம்மாவும் அய்யாவும் பெரியப்பாவும் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். மெதுவாகத்தான் பேசியிருப்பார்கள், பிள்ளை தூங்குகிறதே. இருட்டோடு யாரோ உலுக்கி எழுப்பினார்கள். பரீட்சைக்கு என்று நினைத்து எழுந்தாள். கையில் தூக்குச்சட்டியைக் கொடுத்தார்கள். தெருமுனையில் தீப்பெட்டி ஆபீஸ் வேன் நின்றது, உள்ளே அவளைப் போல இருபது முப்பது பிள்ளைகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தன. அன்றைக்குக் கட்டை அடுக்க உட்கார்ந்தவள்தான், தீக்குச்சியைச் சட்டத்தில் வரிசை வரிசையாக அடுக்கி அடுக்கி, பள்ளிக்கூடம் அந்த வேன் ஜன்னல் வழியாக எட்டு வருஷம் பார்த்த கட்டிடமாகிப் போயிற்று. அவளுக்கு அய்யாவைக் கோபித்துக்கொள்ளத் தோன்றவில்லை. வீட்டு நிலைமை அப்படி. ஒன்றே ஒன்றுதான் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது: எழுப்பியிருக்கலாம். எழுப்பி, இப்படிச் செய்யப் போகிறோம் என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பாள், அழுதுவிட்டுப் போயிருப்பாள். தூங்குகிற பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அதன் தலையெழுத்தைப் பேசி முடித்தார்கள். அதற்குப் பிறகு அவள் யாருக்கும் முன்னால் தூங்கியதில்லை. கல்யாணமான வீட்டிலும் கடைசி ஆள் படுத்து, கடைசி விளக்கு அணைந்து, கடைசிக் குறட்டை கேட்ட பிறகுதான் படுப்பாள். பொறுப்பானவள் என்று பெயர் வாங்கிக் கொடுத்த பழக்கம். இந்த மில் வேலை வந்து அதைத் தலைகீழாக்கிவிட்டது. இப்போது வீட்டில் முதலில் படுக்க வேண்டியவள் அவள். படுத்தால் மற்றவர்கள் முழித்திருக்கிறார்கள். முழித்திருக்கிறவர்கள் பேசுவார்கள். பேசினால் முடிவு எடுப்பார்கள். இந்துஜாவுக்கு இருபது வயது. அதற்கு மாப்பிள்ளை ஏதாவது பார்த்துவைத்திருக்கிறார்களா? இல்லை, அதுவே பார்த்துவைத்திருக்கிறதா? அவர் என்னத்தைக் கத்தரித்தார்?

எழுந்தாள். குடிக்கச் செம்பு பக்கத்திலேயே இருந்தாலும் தண்ணீர் ஆறிவிட்டது என்று அடுக்களைக்குப் போனாள். ஆறாத தண்ணீர் எது என்று யாராவது கேட்டிருந்தால் தவித்துப்போயிருப்பாள். அவள் திரையை விலக்கியதுமே இரண்டு பேர் கையும் மடியில் இறங்கிவிட்டது. இறங்கின வேகத்தைப் பார்த்தாள். “தூங்கலையாம்மா?” “தாகம்.” “இப்பதான குடிச்ச?” “குடிச்சா மறுபடி எடுக்கக் கூடாதா?” சோலைராஜ் வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்து, மூடிக்கொண்டு, மகளைப் பார்த்துப் புருவத்தை மட்டும் ஏற்றி இறக்கினார். புருவத்திலுமா பேசுவார்கள்? திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தபோது தலைமாட்டில் போன் மினுங்கியது. தவமணி. மணி ஒன்பதைத் தொட்டிருந்தது. இதோ வந்துவிட்டது, முடிச்சை அவிழ்க்கிறாள். எடுத்தாள். “என்னத்தா, கால் எப்படி இருக்கு?” அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. “யக்கா, எடுத்துட்டியே.” “கூப்பிட்டா எடுக்க மாட்டாங்களா?” “எடுக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுல்ல கூப்பிட்டேன். தூங்குறியா இல்லையான்னு பார்க்கத்தான். மணி ஒம்போது, ரெண்டாவது மணியிலயே எடுக்குற, நீ எங்கிட்டுத் தூங்க?”  குருவம்மாளின் வாய் தானாகச் சொல்லிற்று: “தவமணி, அன்னைக்குப் படி சொல்லாதது நான்தான். தூங்கிட்டேன்.” “தெரியும்.” “தெரியுமா?” “உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டுத்தான நான் நடக்கேன்? கண்ணு இருந்துச்சு, ஆளைக் காணோம். இவ இப்ப சொல்ல மாட்டான்னு தெரியுது, காலு அதுக்குள்ள போயிருச்சு.” “பெறகு ஏன் செருப்புன்னு சொன்ன?” “வேற என்ன சொல்லச் சொல்ற? உன்னை நிறுத்திட்டு எவளையாவது புதுசா கொண்டுவந்து விடுவான். அவளுக்கு எட்டு மாசம் நான் பழக்கணும். எட்டு மாசத்துல இன்னொரு காலும் வெந்துரும்.” சிரித்தாள். குருவம்மாள் சிரிக்கவில்லை, அந்தச் சிரிப்புக்குள் ஏதாவது இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒன்றும் அகப்படவில்லை. “யக்கா, நாளைக்கு நீ பின்னால நட. நான் சொல்றேன். இந்தக் காலோட என்னால பின்னால நடக்க முடியாது.” “நானா? எனக்கு வழி தெரியாதே.” “எனக்கு மட்டும் முதுகுலயா கண்ணு இருந்துச்சு? நீ சொன்ன, நான் நடந்தேன். வையி. வச்சுட்டுத் தூங்கு. தூங்கலைன்னா நாளைக்கு நான் உன்கூட அண்டா தொட மாட்டேன், ஆமா, சார்கிட்ட நேரே சொல்லிருவேன்.” வைத்துவிட்டாள்.

போனைக் கவிழ்த்து வைத்தாள். வைத்தபிறகுதான் தானும் குப்புறத்தான் வைக்கிறோம் என்று தெரிந்தது, அதற்குக் காரணம் ஒன்றும் இல்லை, வெளிச்சம் கண்ணில் குத்தும், அவ்வளவுதான். முதுகைக் காட்டி நடக்க வேண்டுமாம். எதிரில் ஒருத்தி வாயைப் பார்த்துக்கொண்டு, அவள் சொல்வதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டு, பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் காலை இறக்க வேண்டும். அவள் சொல்லாமல் விட்டால்? வேண்டுமென்றே விட்டால்? எட்டு மாதம் அவள் இந்தப் பயத்தோடா நடந்தாள், கையில் கொதிக்கிற சாம்பாரோடு? கேட்டதே இல்லையே. திரைச்சீலையில் நீலம் ஆடியது. வீட்டில் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. தெருவில் தறி ஓடுகிற சத்தம் இருந்தது, ஆனால் அது இந்த ஊரில் சத்தத்தில் சேர்த்தி இல்லை. தூங்கிவிடலாம் என்று கண்ணை மூடினால் மூடின கண்ணுக்குள் அந்த இரண்டு விரல் வந்து கத்தரித்தது. முடியாது. இது தூக்கம் வராத நோவு இல்லை. தூக்கம் வந்து வாசலில் நிற்கிறது, அவள்தான் உள்ளே விடாமல் காவல் இருக்கிறாள். காவல் இருந்தால் நாளைக்கு ஒரு கால் வேகும். இந்தத் தடவை அவளுடையது. இல்லை என்றால் அந்த ஒல்லிப் பிள்ளை. எழுந்து திரைச்சீலையை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு ஹாலில் போய் நின்றாள். இரண்டு பேரும் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு திகைத்துப்போய்ப் பார்த்தார்கள்.

“என்ன பேசுறீங்க ரெண்டு பேரும்?” என்றாள். “கையை ஆட்டி ஆட்டி என்னத்தைப் பேசுறீங்க? எட்டு மாசமாப் பார்க்கேன். நான் படுத்ததும் ஊமையாப் போயிர்றீங்க. என்ன நடக்குது இந்த வீட்ல?” இந்துஜா அப்பாவைப் பார்த்தாள். “எம்மா, நாடகம்மா. என்ன பேசுறாங்கன்னு அப்பா வாயைப் பார்த்துச் சொல்லுவாரு. தறியில பார்த்துப் பார்த்து அவருக்கு அது அத்துப்படி. எனக்குப் பாதிதான் வரும், மிச்சத்தைக் கையில சொல்லுவாரு.” “கத்தரிச்சாரே, அது என்ன?” “அந்த மருமக தாலியை அறுத்து வீசிட்டாம்மா.” “என் பக்கம் கையக் காட்டுனியே?” “அம்மா பார்த்தா அழுவாங்கன்னு சொன்னேன்.” குருவம்மாள் டிவியைப் பார்த்தாள். ஒருத்தி வாயைப் பிளந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். சொல்வது நம்பும்படியாகத்தான் இருக்கிறது. ரொம்ப நம்பும்படியாக இருக்கிறதே என்றும் பட்டது. “சத்தத்தை வச்சுப் பார்க்க வேண்டியதுதான?” “நீ தூங்கணும்ல?” என்றார் சோலைராஜ், அவர் அடக்கி வைத்திருந்த குரல் வெடித்துக்கொண்டு வந்தது. “எட்டு மாசமா இந்த வீட்ல நான் தும்மக்கூட இல்ல தெரியுமா? தும்மல் வந்தா வாசலுக்கு ஓடுதேன். மேல்வீட்டுக்காரர் என்னய்யா ஒம்பொண்டாட்டி வெரட்டுதாளான்னு கேக்காரு.” அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்குத் தோளில் என்னவோ இறங்கியது போல இருந்தது. “சத்தமாப் பேசுங்க,” என்றாள். “என்னது?” “சத்தத்தை வையிங்க. வாயால பேசுங்க. கையால பேசாதீங்க. என்னைப் பத்திப் பேசுனாலும் எனக்குக் கேக்குற மாதிரிப் பேசுங்க. நீங்க மெதுவாப் பேசுனா எனக்குத் தூக்கம் வராது.” “இவ என்னடி, ஊரெல்லாம் சத்தத்துல தூங்க மாட்டேங்குது, இவ அமைதில தூங்க மாட்டேங்கா,” என்றார் அவர். “ரெண்டு தும்மல் பாக்கி இருக்கு, போட்டுரவா?” “போடுங்க,” என்றாள் அவள். இந்துஜா சத்தத்தைக் கூட்டினாள். அந்த மருமகளின் அழுகை வீடு முழுக்க நிறைந்தது.

படுத்தாள். செம்பைத் தொடவில்லை, சுருக்கு எங்கோ முதுகில் உறுத்தியது, உறுத்தட்டும். நாடகம் முடிந்து விளம்பரம் வந்தது, விளம்பரத்துக்கு நடுவில் அவர் பேசினார், தறியில் பாவு நூல் மாற்றுவதைப் பற்றி, ஒரு சின்னப் பையன் வேலைக்குச் சேர்ந்து ஓடிப்போனதைப் பற்றி, நாலு வீட்டுக்குக் கேட்கிற குரலில். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்து விழுந்தது. எதிலும் மர்மம் இல்லை. மர்மம் இல்லாததாலேயே கவனிக்க வேண்டியதும் இல்லை. கவனிக்காமல் இருக்கும்போது சொற்கள் ஓரம் மழுங்கி, பொட்டு பொட்டென்று, தெருவில் ஓடுகிற தறியோடு சேர்ந்து ஓட ஆரம்பித்தன. கால் விரல்கள் முதலில் போயின. அப்போது இந்துஜாவின் குரல், அவளும் கத்தித்தான் பேசினாள், அம்மா சொல்லியிருக்கிறாளே: “எப்பா, அம்மாகிட்ட அதைச் சொல்லிட்டியா?” “எதை?” “அதான்ப்பா, நீ இன்னும் சொல்லலையா? சனிக்கிழமை வந்துருமேப்பா.” குருவம்மாளுக்குள் ஒன்று சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தது. பார்த்தாயா, இருக்கிறது, நான் சொன்னேனே, ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சனிக்கிழமை என்ன? யார் வருகிறார்கள்? எழுந்து போய் இப்போதே கேட்க வேண்டும். கையை ஊன்றினாள், ஊன்றியதாக நினைத்தாள், கை பாயிலேயே கிடந்தது. சத்தமாகத்தானே பேசுகிறார்கள், படுத்தபடியே கேட்டுக்கொள்ளலாம், இதோ சொல்லப் போகிறார், தொண்டையைச் செருமுகிறார், அவருக்கு மெதுவாகப் பேச வராது, எதுவாக இருந்தாலும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான். “அது வந்துத்தா,” என்று ஆரம்பித்தார் சோலைராஜ். அதற்கு மேல் அவர் சொன்னதை மேல்வீட்டுக்காரர் கேட்டார், எதிர்வீட்டில் கேட்டார்கள். குருவம்மாள் தூங்கிவிட்டாள்.